மெட்டு இல்லாத துரத்தல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்துத் தொலைக்காட்சியில் பெரிய அடிதடி நடந்துகொண்டிருந்தது, ஒரு பொட்டுச் சத்தம் இல்லாமல். கண்ணாடி உடைந்தது, மேசை பறந்தது, ஒரு தடியன் மாடிப்படியில் உருண்டு வந்து விழுந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவரின் வலது கை மட்டும் தொடைமேல் ஓயாமல் வேலை செய்தது. அவருடைய மனைவி சமையலறை வாசலில் கரண்டியும் கையுமாக நின்று அந்த விரல்களையே பார்த்தாள். எங்கே ட்ரம்பெட் நுழையும், எங்கே கிடார் பின்வாங்கும் என்பதெல்லாம் அவற்றுக்கு அத்துப்படி. காது கேட்காத மனிதர், படத்தைத் தலைக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார். காது கேட்க வைக்க வேண்டிய கருவியோ அலமாரி இழுப்பறையில் உதவாத சாவிகளோடும் உதிர்ந்த பொத்தான்களோடும் கிடந்தது.

தகடு அடிக்கும் பட்டறையில் அவருக்கு வேலை. அங்கே எல்லோரும் அவரை ஸ்டண்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது தொலைக்காட்சியில் ஓடுகிற அந்த இந்திப் படம் வந்த புதிதில், கதாநாயகன் தாண்டியதுபோல நானும் பட்டறைச் சுவரைத் தாண்டுகிறேன் என்று பந்தயம் கட்டி, மறுபக்கத்தில் இருந்த கழிவு எண்ணெய்த் தொட்டிக்குள் விழுந்தவர். எண்ணெய் வாடை போய்விட்டது, பெயர் போகவில்லை. இந்தியில் அவருக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் படத்தின் வசனத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பிப்பார். ஒரு வரிக்கும் அர்த்தம் கேட்கக் கூடாது, கேட்டால் கோபம் வரும். கல்யாணமான புதிதில் அவளையும் இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவள் பாதிப் படத்தில் தூங்கிப்போனாள். இடைவேளையில் எழுப்பி, "வில்லன் வர்றப்ப வயலின் எப்படி இழுத்துச்சு பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன் என்று தலையாட்டி வைத்தாள். அந்தத் தலையாட்டலை நம்பி எத்தனையோ வருஷம் அந்த வயலினைப் பற்றி அவளிடம் பேசினார், பாவம்.

அவர் காது போனதற்குப் பட்டறைச் சத்தம் பாதி, குடும்பத்து வாகு பாதி என்று மருத்துவர் சொன்னார். முதலில் சின்னச் சத்தங்கள் போயின, பிறகு பேச்சு, கடைசியில் பட்டறை இயந்திரத்தின் இரைச்சலே கேட்காமல் போய்விட்டது. அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். காலையிலிருந்து மாலைவரை பேச்சுதான் பிழைப்பு. வலியில் துடிப்பவரைச் சமாதானம் செய்வது, நேரத்துக்கு வராதவரைத் தொலைபேசியில் பிடிப்பது, பயந்தவரை நாற்காலிவரை கொண்டுபோய் விடுவது. ஊருக்கெல்லாம் பேசித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லை. சாப்பிட வாங்க என்றால் ஒரு சைகை, மின்கட்டணம் என்றால் ஒரு சைகை. முக்கியமானதைச் செல்போனில் எழுதிக் காட்டலாம். முக்கியமில்லாததை எழுதிக் காட்ட யாருக்கு மனசு வரும்? பக்கத்து வீட்டுக்காரி புருஷனோடு கோபித்துக்கொண்டு போனது, மருத்துவமனையில் ஒரு நோயாளி மருத்துவரின் விரலைக் கடித்தது, இப்படி வீட்டை வீடாக வைத்திருந்த வெட்டிப்பேச்செல்லாம் அவளுக்குள்ளேயே தங்கிப்போனது. அதில் அவள் பாதி இளைத்துவிட்டாள்.

அதனால்தான் அறுவைச் சிகிச்சைக்கு அவள் ஒற்றைக்காலில் நின்றாள். மண்டைத் தோலுக்குள் ஒரு துண்டு, வெளியே காதின் பின்னால் ஒரு துண்டு, இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரு காந்தம். கருவியை உயிர்ப்பித்த அன்று பயிற்சி தரும் மேடம் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். ஆரம்பத்தில் எல்லாமே தகரத்தில் பேசுவதுபோல இருக்கும். மூளை பழக நாளாகும். தூங்கும் நேரம் தவிரக் கழற்றக் கூடாது. முதலில் பேச்சு, பாட்டெல்லாம் பிறகு.

அவளுக்குத்தான் பொறுக்கவில்லை. அவருக்கு ஓர் ஆச்சரியம் தரவேண்டும் என்று கொழுந்தனிடம் சொல்லிப் பெரிய ஒலிபெருக்கி கொண்டுவர வைத்தாள். வீடு திரும்பியதும் அவரை நடுக்கூடத்தில் உட்கார வைத்து, அந்தப் படத்தின் தலைப்பு இசையை முழுச் சத்தத்தில் போட்டுவிட்டாள். கொழுந்தன் கைதட்டத் தயாராக நின்றான். ஸ்டண்ட் முகத்தில் ஈயாடவில்லை. கொஞ்ச நேரம் கேட்டார். "இது என்ன?" என்றார். அவள் படத்தின் உறையை எடுத்துக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார், ஒலிபெருக்கியைப் பார்த்தார். பிறகு காந்தத்தைப் பிடுங்கி எடுத்தார்.

"ஆணியை டப்பாவுல போட்டு ஆட்டுற மாதிரி இருக்கு. எனக்கு இது வேணாம். இருக்கறதையாவது காப்பாத்திக்கறேன்."

மறுநாளிலிருந்து கருவி இழுப்பறைக்குப் போனது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதுதான் அவளை வாட்டியது. நினைவில் இருந்த இசையாவது அவருக்கு முழுசாக இருந்தது. அதிலும் போய் ஆணியைக் கொட்டியவள் அவள்.

அடுத்த பயிற்சிக்கு அவர் வர மறுத்ததால் அவள் தனியாகப் போனாள். மேடம் திட்டவில்லை, பெருமூச்சு மட்டும் விட்டார்.

"பாட்டுல மெட்டுதான்மா தகராறு. உச்சம், கீழ்னு இந்தக் கருவிக்குச் சரியாப் பிரிக்கத் தெரியாது. சிலருக்கு அது கடைசி வரைக்கும் வர்றதில்ல. தாளம் அப்படியில்ல, நல்லாவே கேக்கும். ஆனா போட்டாத்தானே? போடாம வச்சா பேச்சும் வராது."

தாளம் நல்லாவே கேட்கும். பேருந்தில் வரும்போது அதையே அவள் மென்றுகொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து மதிய இடைவேளையில், மருத்துவர் சாப்பிடப் போனதும், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு செல்போனில் அந்தப் படத்தைத் துண்டு துண்டாகக் கேட்டாள். மெட்டே இல்லாமல் வெறும் தாளம் மட்டும் வரும் ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் அவள் தேடியது. ஆனால் தேடப்போன இடத்தில் மாட்டிக்கொண்டாள். இத்தனை நாள் அடிதடி என்று ஒதுக்கிய படத்துக்குள் இவ்வளவு இருந்ததா? வங்கிக் கொள்ளை நடக்கும்போது இரைச்சலே கிடையாது. ஒரே ஒரு கிடார், அதுவும் ஒரே நரம்பில், திருடனின் கை பூட்டைத் திருப்பத் திருப்ப மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. பூட்டு திறந்ததும் நின்றுவிடுகிறது. வில்லன் வரும்போது வயலின் இழுப்பது உண்மைதான். அவன் சிரிக்கும்போதும் இழுக்கிறது, அதனால்தான் அவன் சிரிப்பை நம்ப முடியவில்லை. அப்பாடி, என்ன மனுஷன் இதைப் போட்டது என்று அவள் வாய்விட்டே சொன்னாள். எதிரே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். அவர் எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை.

தேடிய இடமும் கிடைத்தது. கதாநாயகன் சரக்கு ரயில் பெட்டிகளின் கூரைமேல் ஓடுகிறான், பின்னால் நான்கு பேர் துரத்துகிறார்கள். வேறு யாராக இருந்தாலும் அங்கே எல்லா வாத்தியத்தையும் அவிழ்த்துவிட்டிருப்பார்கள். இந்த இசையமைப்பாளர் எல்லாவற்றையும் வாயடைத்துவிட்டார். பாங்கோ என்கிற அந்தச் சின்ன ஜோடி மேளம் மட்டும் அடிக்கிறது. அதுவும் ஓடுகிறவனின் காலடிக்கு ஒரு மயிரிழை முன்னால் ஓடுகிறது. கேட்கிறவளுக்கு அவனைப் பின்னாலிருந்து தள்ளிவிட வேண்டும்போல இருக்கிறது. பெட்டிக்குப் பெட்டி அவன் தாவும்போது பாங்கோவும் நின்றுவிடுகிறது. அவன் கால் தகரத்தில் பட்டபிறகுதான் மறுபடி அடி. அவள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அந்தத் தாவலில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கரண்டியை வைத்துவிட்டு, இழுப்பறையைத் திறந்து கருவியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முந்தின நாளே அதற்கு மின்னேற்றி வைத்திருந்தாள். ரிமோட்டை எடுத்துப் படத்தை ரயில் கூரைக்கு நகர்த்தி நிறுத்தினாள். உள்ளங்கையில் கருவியைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"வேணாம். போன தடவ பட்டதே போதும்." காது போனதிலிருந்து அவர் குரல் எப்போதும் கொஞ்சம் ஓங்கியே இருக்கும்.

அவள் செல்போனில் எழுதிக் காட்டினாள்: இந்த இடத்துல மெட்டே கிடையாது. பாங்கோ மட்டும்தான். ட்ரம்பெட் வர்றதுக்குள்ள நானே கழட்டிடறேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். படித்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இங்க பாங்கோ மட்டும்தான்னு உனக்கு யார் சொன்னா?"

அவள் தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

"உனக்குத்தான் இந்தப் படம் ஆகாதே."

ஆகாதுன்னுதான் நெனச்சேன், என்று எழுதினாள். இப்ப என்ன பண்றது, பிடிச்சுப்போச்சு.

அவர் தலையை அவள் பக்கம் சாய்த்துக் கொடுத்தார். காந்தம் தானாகப் போய் ஒட்டிக்கொண்டது.

ரயில் ஓடத் தொடங்கியது. முதல் அடி விழுந்தபோது அவர் தொடைமேல் இருந்த கை அசையாமல் நின்றது. அவள் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தாள். இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி. அடுத்த தாவல் வந்தது, சத்தம் நின்றது, அவர் மூச்சும் நின்றது. கால் தகரத்தில் பட்டதும் அவருடைய விரலும் தொடையில் பட்டது, ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை.

"ஏம்மா," என்றார். "அதேதான். அப்படியே இருக்கு." கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. அவளுக்கோ முன்பின் தெரியாத அந்தப் பாங்கோக்காரரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

ரயில் சுரங்கத்துக்குள் போனால் ட்ரம்பெட் வரும். கொடுத்த வாக்குப்படி கழற்ற அவள் கையைக் கொண்டுபோனாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ட்ரம்பெட் வந்தது. அவர் முகம் கோணியது, பல்லைக் கடித்தார், ஆனால் பிடியை விடவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தவர் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார்.

"இந்த ட்ரம்பெட்காரனை அப்புறம் பாத்துக்கலாம். நீ பேசு. எழுதாத, வாயால சொல்லு."

மேடம் செய்வதுபோல, உதடு தெரியாமல் வாயை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள். சொல்ல எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள், விரல் கடித்த நோயாளி உட்பட. வாயைத் திறந்தால் ஒன்றுகூட வெளியே வரவில்லை. சன்னலுக்கு வெளியே வானம் கருத்துக்கொண்டு வருவது மட்டும் கண்ணில் பட்டது.

"மாடியில துணி காயுது. மழை வரப் போகுது."

அவர் புருவத்தை நெறித்தார். புரியவில்லை என்று தலையை ஆட்டினார். "இன்னொரு தடவ."

சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, சொற்களை நாக்கில் புரட்டிப் பார்ப்பதுபோல உதட்டை அசைத்தார். இல்லை என்றார். மறுபடி சொன்னாள்.

"மாடி," என்றார். "மாடின்னு சொன்ன."

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். சன்னல் கம்பியில் முதல் துளிகள் பட்டுத் தெறித்தன.

"மாடியில என்ன? சொல்லு, சொல்லு."

ஓடிப்போய் எடுத்துவிட்டு வந்திருக்கலாம், படி ஏறினால் முடிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. கையை வாயிலிருந்து எடுக்காமல் முதல் வார்த்தையிலிருந்து நிதானமாக மறுபடி தொடங்கினாள். அவர் நாற்காலியை இழுத்து நெருங்கி உட்கார்ந்தார். மேலே மாடியில் அவருடைய நீலப் பட்டறைச் சட்டைகளும் அவள் வேலைக்குக் கட்டிப்போகும் புடவைகளும் நனைந்து, கனத்து, சொட்டத் தொடங்கின.