பக்கத்து வீட்டுப் பேச்சு

கோயம்புத்தூர் கணபதியில் பம்ப்செட் பட்டறை நடத்திவந்த ஆறுச்சாமி, தொண்ணூற்றாறாம் வருடம் தன் வீட்டுக்கு ஒரு கார்ட்லெஸ் போன் வாங்கிவந்தார். சமையலறையில் நின்றுகொண்டும் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டும் பேசலாம் என்பதில் அவர் மனைவி தெய்வானைக்குப் பெருமை தாங்கவில்லை. ஒருநாள் அன்னூரில் இருக்கும் அண்ணன் நஞ்சப்பனைக் கூப்பிடலாமென்று போனை எடுத்தாள். உள்ளே பக்கத்து வீட்டு மாசாணியம்மாளின் குரல் கேட்டது. பொள்ளாச்சியில் இருக்கும் தங்கை ருக்மணியிடம் பால் தண்ணியாக இருக்கிறதென்று குறைசொல்லிக்கொண்டிருந்தாள்.

விற்ற கடைக்காரரிடம் ஆறுச்சாமி விசாரித்தார். "அவங்களும் கார்ட்லெஸ்தான் வெச்சிருப்பாங்க. ரெண்டும் ஒரே சேனல்ல ஓடுதுங்க. அடியில ஒரு பட்டன் இருக்குது பாருங்க, அதத் தள்ளி வெச்சுட்டாக் கேக்காது," என்றார் அவர். ஆறுச்சாமி அதை மனைவியிடம் சொல்லிவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பினார்.

"தள்ளி வெச்சுக்கறனுங்க," என்றாள் தெய்வானை. வைக்கவில்லை.

அவளுடைய ஒரே மகன் சென்னையில் படித்துக்கொண்டிருந்தான். மதியச் சாப்பாடு முடிந்துவிட்டால் வீடு வெறிச்சென்று இருக்கும். போனைக் காதில் வைத்துப் பார்ப்பது முதலில் வேடிக்கையாக இருந்தது, பிறகு பழக்கமாகிவிட்டது. மாசாணியம்மாள் கணவனை இழந்தவள். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்து, மகள் சண்முகப்ரியாவைப் படிக்கவைத்தவள். மனதில் இருப்பதையெல்லாம் தங்கையிடம்தான் கொட்டுவாள். முழங்கால் வலி, கொழுந்தன்மார் பேசிய பேச்சு, தைக்கக் கொடுத்தவர்களின் குணம் என்று எதுவும் மிச்சமில்லாமல் தெய்வானையின் காதுக்கும் வந்து சேர்ந்தது. கணவனின் திதியன்று மாசாணியம்மாள் போனில் விம்மி அழுதாள். அன்று சாயங்காலம் தெய்வானை தற்செயலாகப் போனவள்போல் போய், அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "எம்மனசு தெரிஞ்ச மாதிரி வந்தீங்கக்கா," என்றாள் மாசாணியம்மாள். அந்த வார்த்தை தெய்வானைக்கு இனிக்கத்தான் செய்தது. கேட்பதில் என்ன தப்பு, நல்லதற்குத்தானே உதவுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

சண்முகப்ரியா நூறடி ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளைத் தன் அண்ணன் மகன் அன்புமணிக்குக் கேட்டதே தெய்வானைதான். ஜாதகம் பொருந்தியது. அவிநாசிக் கோவிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். பிராகாரத்தில் பையனும் பெண்ணும் தனியாகக் கொஞ்சநேரம் பேசிவிட்டு வந்தார்கள், இருவருக்கும் பிடித்திருந்தது. ஆவணியில் நிச்சயம் என்று முடிவானது.

அதற்குப் பிறகு ஒரு மதியம் தெய்வானை போனை எடுத்தபோது மாசாணியம்மாள் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"வலிப்பு வந்து எத்தனையோ வருசமாச்சு ருக்கு. ஆனா மாத்திரைய மட்டும் நிறுத்தக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. இத மறைச்சு ஒருத்தர் ஊட்டுக்குப் புள்ளைய அனுப்ப எனக்கு மனசே வரலியே..."

அந்த நேரம் பார்த்து ஆறுச்சாமி சாப்பிட வந்துவிட்டார். தெய்வானை சட்டென்று போனை அணைத்தாள். அவருக்குச் சோறு போட்டு அனுப்பினாள். நாளைக்கு அண்ணன் வீட்டில் அந்தப் பெண் வலிப்பு வந்து விழுந்தால் எல்லோரும் யாரைக் கேட்பார்கள்? சம்பந்தம் பேசிய தன்னைத்தான் கேட்பார்கள். மறுநாள் காலையில் அன்னூர் பஸ்ஸில் ஏறினாள்.

நஞ்சப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "இத யாரு சொன்னது அம்மணி?"

"நம்பிக்கையான எடந்தானுங்ணா. ஆனா எம்பேரு வெளிய வரவேண்டாம்."

அன்று மாலையே அவர் மாசாணியம்மாளுக்குப் போன் செய்தார். வீடு திரும்பியிருந்த தெய்வானை அந்தப் பேச்சையும் கேட்டாள். "நோவுக்காரப் புள்ளைய எங்க தலையில கட்டிவிடலாம்னு பாத்தீங்களா?" என்றார் அண்ணன். "மறைக்கோணும்னு நாங்க நெனைக்கலீங்க, மாப்பிள்ளைகிட்ட..." என்று மாசாணியம்மாள் ஆரம்பிப்பதற்குள் அவர் வைத்துவிட்டார். ஆனால் மாசாணியம்மாள் வைக்கவில்லை. அவள் மூச்சுவிடும் சத்தம் மட்டும் தெய்வானையின் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அன்புமணி வந்தான். செருப்பைக் கழற்றியவன் உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை.

"அப்பாகிட்டச் சொன்னது நீங்களாங்க அத்தை?"

"உன்ற நல்லதுக்குத்தான் கண்ணு."

"ப்ரியா எங்கிட்ட அவிநாசியிலயே சொல்லிட்டாங்க. அவங்க டாக்டரயும் போய்ப் பாத்துட்டு வந்தேன். கண்ணாலத்துக்கு ஒரு தடையும் இல்லைன்னு சொன்னாரு. அப்பாகிட்டப் பக்குவமா நானே பேசறேன், அதுவரைக்கும் பொறுங்கன்னு அவங்கம்மாகிட்ட நாந்தான் கேட்டுக்கிட்டேன். இப்ப அப்பா சொந்தக்காரங்க பூராத்துக்கும் சொல்லிப்போட்டாரு."

அன்று போனை அணைக்காமல் இன்னும் கொஞ்சம் கேட்டிருந்தால் இதுவும் தெரிந்திருக்குமே என்றுதான் தெய்வானைக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்து அவளுக்கே உடம்பு கூசியது.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க அத்தை. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதில் வராது என்று தெரிந்ததும் அவன் கிளம்பிவிட்டான்.

அத்தையின் பேரை அன்புமணி மாசாணியம்மாளிடம் சொல்லவில்லை. விஷயம் எப்படி வெளியே போனது என்பதுதான் அவளுக்கும் கேள்வி. அன்புமணியைத் தவிர, வீட்டுக்கு வெளியே இந்த விஷயம் தெரிந்த ஒரே சொந்தம் ருக்மணி. அவளைத் தவிர யார் சொல்லியிருக்க முடியும்? இரண்டு நாள் கழித்து ருக்மணி பொள்ளாச்சியிலிருந்து வந்தாள். மாசாணியம்மாள் கதவைத் திறக்கவில்லை. வெயிலில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ருக்மணி, "உங்க மேல சத்தியமா நான் சொல்லலீங்கக்கா," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தெய்வானை ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ருக்மணி மூக்கைச் சிந்திவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.

தெய்வானை அப்போதே போயிருக்கலாம். போகத் துணிவு வர மறுநாள் ஆனது.

மாசாணியம்மாள் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். "வாங்கக்கா," என்றாள், எழாமலே. முகம் வாடிக் கிடந்தது.

"ருக்மணி சொல்லல மாசாணி. நாந்தான்."

மிஷின் நின்றது. தெய்வானை நின்றபடியே சொன்னாள். போனில் கேட்பதையும், அன்று கேட்டதையும், அன்னூருக்குப் போனதையும் சொன்னாள். எல்லாம் முடிந்தபிறகு, மாசாணியம்மாள் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள்.

"எங்களுக்கும் உங்க பேச்சு கேக்குமுங்கக்கா. நீங்க பையனத் திட்டறது, உங்க ஊட்டுக்காரரு பட்டறைக்குப் பேசறது எல்லாம். கேட்டதும் வெச்சுருவோம். அடுத்தவங்க பேச்சுங்களே."

தெய்வானைக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அப்போதுதான் சண்முகப்ரியா உள்ளறை வாசலில் நிற்பதைக் கவனித்தாள்.

"எத்தன நாளாக் கேட்டுட்டிருந்தீங்க பெரியம்மா?"

"போன் வாங்குனதுல இருந்து கண்ணு."

அந்தப் பெண் எதையோ நினைத்துப் பார்த்தாள். "அப்பா திதியன்னைக்கு அம்மா அழுததும் கேட்டுச்சுங்களா?"

தெய்வானை தலையாட்டினாள்.

"அன்னைக்கு நீங்க வந்ததப் பத்தி அம்மா எத்தன தடவ சொல்லியிருக்காங்க, தெரியுங்களா?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். தெய்வானை மாசாணியம்மாளின் காலில் விழப்போனாள். மாசாணியம்மாள் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"அதெல்லாம் வேண்டாங்க. நீங்க கெளம்புங்க. நான் எந்தங்கச்சிகூடப் பேசோணும்."

தெய்வானை மறுபடியும் அன்னூர் போய் அண்ணனிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள். "நோவு இருக்கறது நெசந்தான?" என்று கேட்டுவிட்டு அவர் தோட்டத்துக்குப் போய்விட்டார். அன்புமணி மட்டும் சில மாதம் விடாமல் முயன்றான். கடைசியில் சண்முகப்ரியாவே வேண்டாமென்று சொல்லிவிட்டாள். ஊரெல்லாம் தன் நோவைப் பற்றிப் பேசி முடித்துவிட்ட இடத்துக்குத் தன்னால் வாழப்போக முடியாது என்றாளாம்.

அடுத்த வருடம் தை மாதத்தில் ஒருநாள் தெய்வானை காந்திபுரம் போகப் பஸ் ஏறினாள். கூட்டமாக இருந்தது. ஜன்னலோரம் இருந்த சண்முகப்ரியா அவளைப் பார்த்தாள். பார்க்காததுபோல் திரும்பிக்கொள்ளவில்லை. ஒதுங்கி இடம் விட்டு, "உக்காருங்க," என்றாள். அறிமுகமில்லாத ஒரு வயதானவரிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னாள்.

தெய்வானை உட்கார்ந்தாள். நல்லா இருக்கியா கண்ணு என்று கேட்க வாய்வரை வந்தது. அவளுடைய எதைப் பற்றிக் கேட்கவும் தனக்கு இனி உரிமை இல்லை என்று தோன்றியது. காந்திபுரம் வரும்வரை மடியில் இருந்த பையின் வாரைப் பிடித்தபடி குனிந்தே இருந்தாள்.