சுவரைப் பார்த்த நாற்காலி

ஜொவிட்டாவை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டது ஃப்ளோரன்ஸ் சிஸ்டர். பச்சைக் குழந்தைகளின் ஐ.சி.யு.வுக்குப் பெரிய மனிதர் ஒருவர் படங்கள் வாங்கித் தருகிறாராம், நீ டிராயிங் டீச்சர்தானே, வந்து நல்லதாக நாலு எடுத்துக்கொடு என்றார். போன வருஷம் அதே வார்டில்தான் ஜொவிட்டாவின் பையன் கொஞ்ச நாள் இருந்துவிட்டு இறந்துபோனான். சிஸ்டருக்குத் தெரியாததல்ல, கடைசி நேரத்தில் அவன் தலையில் தண்ணீர் விட்டு ஞானஸ்நானம் கொடுத்ததே அவர்தான். ஜொவிட்டா சரி என்றாள். இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்கிறாள். முடியாது என்று சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

சாந்தோமில் பஸ் ஏறி அடையாறில் இறங்கினாள். வாசலைப் பார்த்ததும் திரும்பிவிடத் தோன்றும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் தோன்றவில்லை. கரண்ட் பில் கட்டப் போகிறவள் மாதிரி மாடியேறினாள்.

அந்தப் பெரிய மனிதர் சண்முகவேல், தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அண்ணாச்சி என்றால்தான் யாருக்கும் தெரியும். ஈக்காட்டுத்தாங்கலில் அச்சடித்து வாங்கிவந்த படங்களை வார்டுக்கு வெளியே பெஞ்சில் விரித்து வைத்திருந்தார். கொழுகொழுவென்று சிரிக்கும் குழந்தை, குட்டியோடு யானை, குஞ்சுகளோடு கோழி, கன்றை நக்கும் பசு. உள்ளங்கையில் அடங்குகிற பிள்ளைகள் படுத்திருக்கும் இடத்தில் தொடை மடிப்பு விழுந்த குழந்தையை மாட்ட நினைப்பது நல்ல மனசுதான். யோசனைதான் கொஞ்சம் பத்தாது. ஜொவிட்டா அந்தக் குழந்தையைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். கோழியையும் சுருட்டினாள். பசுவின் மேல் கை வைத்தபோது அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. தன் பேத்தியும் உள்ளேதான் இருக்கிறாள் என்றார்.

"மருமவ பிள்ளையைப் பாக்கவே மாட்டேங்கா, டீச்சர். பால் எடுத்துக் குடுக்கா, செவத்தப் பாத்து உக்காந்திருக்கா, எந்திரிச்சு வந்துருதா. அந்தச் செவத்துல நல்லதா ஒண்ணு இருந்தா மனசு தெளியும்லா?"

சுவரைப் பார்க்கலாம் என்று சிஸ்டர் இருவரையும் உள்ளே கூட்டிப்போனார். கை கழுவும்போது ஜொவிட்டா யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகம் என்று கைகள் தாமாகவே செய்து முடித்தன.

ஜன்னலோரம் அதே இடம். இன்குபேட்டருக்குப் பக்கத்தில் அதே நாற்காலி, அண்ணாச்சியின் மருமகள் ஜெயஸ்ரீ அதில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சுவரில் கை கழுவும் முறையை வரிசையாகக் காட்டும் படம் ஒன்று ஒட்டியிருந்தது. போன வருஷமும் அதுதான் இருந்தது. பிள்ளையைப் பார்த்தால் மனசு ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொண்டால் அப்புறம் தாங்காது என்று பயந்து ஜொவிட்டா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்போனை உள்ளே விடமாட்டார்கள், போட்டோவும் கிடையாது. கடைசியில் துணியில் சுற்றிக் கொடுத்தபோதுகூட அவள் புருஷன் இக்னேஷியஸ்தான் வாங்கிக்கொண்டான். வீட்டுக்குப் போய் ஒருநாள் பையனை வரையலாம் என்று பென்சிலை எடுத்தாள். சோப்பு நுரையோடு இரண்டு கைகள்தான் வந்தன.

"இதக் கழட்டி வாஷ்பேசின் கிட்ட ஒட்டிடுங்க, சிஸ்டர்," என்றாள் ஜொவிட்டா. "யானை வேணும்னா வெளிய இருக்கட்டும், அண்ணாச்சி. இந்தச் சுவத்துல ஒண்ணும் வேணாம்."

அண்ணாச்சி விழித்தார். ஜெயஸ்ரீ திரும்பி, யார் இவள் என்பதுபோல் பார்த்தாள்.

ஜொவிட்டா அவளிடம்தான் சொன்னாள். பஸ் ரூட் சொல்கிற குரலில் சொன்னாள். "போன வருஷம் இந்த நாற்காலில நான் உக்காந்திருந்தேன். அந்தப் படம் எனக்கு மனப்பாடம். எம்புள்ள மூக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

ஜெயஸ்ரீ எழுந்துகொண்டாள். ஜொவிட்டா நாற்காலியை இன்குபேட்டர் பக்கமாகத் திருப்பிப் போட்டாள். வேறு வழி தெரியாமல் அந்தப் பெண் மறுபடி உட்கார்ந்தாள். முதலில் தன் மடியைப் பார்த்தாள். அப்புறம் குழந்தையின் காலைப் பார்த்தாள், பிறகு டியூபை. மெல்ல மெல்ல மேலே போனாள்.

"மாமா," என்றாள் வெகுநேரம் கழித்து. "இவ காதுல முடி இருக்கு."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஜொவிட்டாவும் குனிந்தாள். இருந்தது; காது மடலில் பூனைமுடி.

"சிஸ்டர்," என்றாள் ஜொவிட்டா. "அவனுக்கும் இருந்துச்சா?"

யாருக்கு என்று ஃப்ளோரன்ஸ் சிஸ்டர் கேட்கவில்லை. "இருந்துச்சும்மா, ரெண்டு காதுலயும். தண்ணி ஊத்தினப்ப அதுலதான் நின்னுச்சு. நான்தான் தொடச்சு வுட்டேன்."

ஜொவிட்டா உட்கார இடம் தேடினாள். அங்கிருந்த ஒரே நாற்காலியில் ஜெயஸ்ரீ உட்கார்ந்து தன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.