பதிலுக்குப் பின் ஒன்பது நாள்

தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் சனிக்கிழமை மதியம் நடக்கும் வகுப்புக்குப் பதில் வகுப்பு என்று பெயர். நடத்துபவர் பதில் அண்ணன். பிழைப்புக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கடவுள் இருக்கிறாரா என்று யாராவது தப்பித்தவறிக் கேட்டுவிட்டால் போதும், சட்டைப்பையிலிருந்து அட்டையை உருவிவிடுவார். அறிவியல் கேள்விக்கு நீல அட்டை, சரித்திரக் கேள்விக்குப் பச்சை, நோய் துன்பம் சாவு எல்லாவற்றுக்கும் சேர்த்து மஞ்சள். ஒவ்வொரு அட்டையிலும் மூன்று பாயிண்ட். மனுஷனுக்கு வரக்கூடிய அத்தனை துக்கத்தையும் மூன்றுக்குள் அடக்கிவிட்ட மகா கெட்டிக்காரர்.

அவர் மனைவி பல் செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள். மெழுகில் ஈறு செதுக்கி, பல் பல்லாக நட்டு, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்த்துப் பார்த்து அவள் கண்ணும் கூர்மை, நாக்கும் கூர்மை. வகுப்பில் எல்லாருக்கும் அவள் பல் அக்கா.

வகுப்பின் முறை இதுதான். முன்னால் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்காருகிறவர் நம்பிக்கையில்லாதவராக மாறி, மூன்று நிமிஷம் கடவுளை உண்டு இல்லை என்று பண்ண வேண்டும். அந்த மூன்று நிமிஷமும் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. மணி அடித்ததும் ஒரு மாணவர் எழுந்து பதில் சொல்லுவார். இரண்டு பேருக்கும் பதில் அண்ணன் பத்துக்கு மார்க் போடுவார். நாற்காலியில் சொன்னது யாருடைய சொல்லும் இல்லை. அதற்காக யாரும் கோபப்படக் கூடாது, பிற்பாடு அதைப் பற்றி விசாரிக்கவும் கூடாது. மற்றவர்கள் அதில் உட்கார்ந்தால் கடவுளிடம் லீவு லெட்டர் கொடுப்பதுபோல் குழைவார்கள். அதனால் ஆறு வருஷமாக அது பல் அக்காவின் நாற்காலி.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். இந்தப் பதில்களை அவள் ஒரு காலத்தில் கண்ணில் ஒற்றிக்கொண்டவள்தான். இருபத்து மூன்று வயதில், எல்லாம் கட்டுக்கதை என்று உதறிவிட்டுக் கிளம்ப இருந்தவளை, மூன்று மாதம் பஸ் நிறுத்தத்தில் நின்று, ஒருநாளும் முகம் சுளிக்காமல் கேள்வி கேள்வியாகப் பதில் சொல்லி நிறுத்தியவர் இவர். கேள்வியை மதிக்கிற ஆம்பிளை என்றுதான் கட்டிக்கொண்டாள்.

அவள் தங்கை இறந்து ஐந்து வாரம் ஆகிறது. முப்பத்தொரு வயது. ரத்தப் புற்றுநோய். இந்த ஐந்து வாரத்தில் அவள் தங்கையைப் பற்றி வாயெடுத்த போதெல்லாம் அவர் பாதியில் மறித்து மஞ்சள் அட்டையை ஆரம்பித்தார். சாப்பாட்டு மேஜையில் ஒரு தடவை. துணி மடிக்கும்போது ஒரு தடவை. கடைசித் தடவை அவள் கையிலிருந்த தட்டைத் தொட்டியில் போட்ட வேகத்தில் அது இரண்டாகப் போனது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: இந்த மனுஷன் மூன்று நிமிஷம் வாயை மூடிக்கொண்டு கேட்கிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

அந்தச் சனிக்கிழமை நேரே போய்ச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். மணியைப் பிடித்திருந்த மருந்துக்கடைக்காரர் தலையசைத்தார். அன்றைக்குப் பதில் சொல்ல வேண்டிய மாணவியான டிரைவிங் ஸ்கூல் டீச்சர் நோட்டைத் திறந்தாள்.

"ஒரு பொண்ணு சாகக் கிடக்கா" என்றாள் பல் அக்கா. "வாயெல்லாம் புண்ணு. தண்ணி இறங்கல. அக்கா கையைப் பிடிச்சுட்டு, 'நான் என்னக்கா தப்பு பண்ணேன், கடவுளுக்கு என்னைப் பிடிக்கலையா'ன்னு கேக்குறா. அக்கா வாயைத் திறக்கறதுக்குள்ள, பக்கத்துல நின்ன அக்கா புருஷன் பதில் சொல்றார். முதலாவது, ரெண்டாவது, மூணாவது. அந்தப் பொண்ணு எல்லாத்தையும் கேட்டுட்டு, 'சரி அத்தான்'னு சொல்லிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அதுக்கப்புறம் ஒன்பது நாள் இருந்தா. வாயே திறக்கல. என்கிட்டகூட. கேள்விக்குத்தான் பதில் வந்துருச்சே, இனிமே என்ன பேச்சு? உங்க கடவுள் அந்த ரூம்ல இருந்தார்னா, அந்த மனுஷன் வாயை ஏன் பொத்தல?"

மணி அடித்தது. டீச்சர் எழுந்தாள், நோட்டைப் பார்த்தாள், மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

பதில் அண்ணன் முகம் வெளுத்திருந்தது. ஆனால் பழக்கம் விடுமா? தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒன்பதரை" என்றார். "சொந்த வேதனையையே கேள்வியா மாத்தி நமக்காகக் கொண்டு வந்திருக்கா. இதுக்குப் புதுசா ஒரு அட்டை எழுதணும். யார் ஆரம்பிக்கிறீங்க?"

ஒன்பதரை! அவள் தங்கை செத்ததற்கு மார்க் போடுகிறார். அரை மார்க் எதற்குக் குறைந்தது என்று கேட்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. எழுந்தாள். நாற்காலியைக் காலால் தள்ளினாள். அது சறுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. மருந்துக்கடைக்காரர் மணியைக் கீழே வைத்துவிட்டார்.

"இப்ப நான் நாற்காலியில இல்ல. உங்க பொண்டாட்டியா நின்னு சொல்றேன். அவ வாயை அடைச்சது நீங்கதான்."

"நீ கோபத்துல பேசுற. கோபம் நியாயமானதுதான், ஆனா முதலாவது நாம..."

"முதலாவதுன்னீங்கன்னா இங்கயே கத்துவேன்!"

அவர் நிறுத்தினார்.

"நான் கடவுளை விட்டுட்டுப் போயிடுவேன்னு பயமா? போக மாட்டேன். அவர்கிட்ட எனக்குச் சண்டை இருக்கு. தினம் காலையில லேபுக்கு நடந்து போறப்ப சண்டை போட்டுட்டுத்தான் போறேன். அது எனக்கும் அவருக்கும். அவர் வாங்கிக்கிறார். நடுவுல நீங்க வந்து வக்கீலா நிக்காதீங்க. அவர் உங்களை அமர்த்திக்கிட்டாரா? வாதாடத் தெரியாதவரா அவர்? படிச்சவன் புத்தகத்தைத் தூக்கிட்டு வந்து மடக்கினா பதில் சொல்லுங்க, வேணாங்கல. நான் பொழைச்சதே அதுலதான். சாகப்போறவ கேட்டது அந்தக் கேள்வியா? அவ உங்களை மடக்கவா பார்த்தா?"

பதில் அண்ணன் அட்டைக்கட்டை மேஜைமேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பேசியபோது அவர் குரல் வகுப்புக் குரலாக இல்லை.

"அந்த ஒன்பது நாளும் நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன்."

"பொய். ஒரு நாள்கூட உள்ள வரல."

"கதவு வரைக்கும் வந்தேன். கண்ணாடி வழியா அவ முதுகு தெரியும். திரும்பிப் போயிடுவேன்." அட்டைக்கட்டைக் கவிழ்த்தார். "உள்ள வந்தா இன்னொரு தடவை கேட்டுடுவாளோன்னு பயம். சொன்னதுல எனக்கே நம்பிக்கை வரல. என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை அவள் கேட்டதே இல்லை. இதற்காகத்தான் ஐந்து வாரமாகத் தவித்தாள். கிடைத்தும் அவள் கோபம் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை, இன்னும் ஏறியது.

"இதை அவகிட்ட சொல்லியிருக்கலாமே!" என்று அலறினாள். "தெரியலம்மா, எனக்கும் பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை! அவ உங்களைத் திட்டியிருப்பா, அழுதிருப்பா, ஒன்பது நாளும் எங்கிட்ட பேசியிருப்பா!"

அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. டீச்சர் அவரிடம் போகலாமா என்பதுபோல் பல் அக்காவைப் பார்த்தாள்.

"விடு, அழட்டும்" என்றாள் பல் அக்கா. "யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க."