வெளிய வாடா

பத்து நாளாக 'இடிமுழக்கம்' என்ற பெயரில் யாரோ என்னைக் கொன்றுகொண்டே இருந்தார்கள். அந்தக் கைப்பேசித் துப்பாக்கி விளையாட்டில் எதிரியின் பேச்சும் ஹெட்செட்டில் கேட்கும். "வூட்டுக்குள்ள ஒளியாதடா, வெளிய வாடா!" என்று ஒரு கரகரத்த குரல். சிமெண்டு ஆலையில் எட்டு மணி நேரம் புழுதி தின்றுவிட்டு வருபவனுக்கு இது தேவையா?

நேற்று மதியம் என் மனைவி மலர்கொடி அடுப்படியிலிருந்து, "சோறு ஆறுது, வாங்க!" என்று கத்தினாள். அந்தக் கத்தல் ஹெட்செட்டுக்குள் எதிரியின் பக்கத்திலிருந்தும் கேட்டது. தூக்கிவாரிப் போட்டது. எதிரி என் வீட்டிலேயே இருக்கிறான்!

உள்ளறைக் கதவைத் தள்ளினேன். கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாளாக எங்களோடு தங்கியிருக்கும் மாமியார், கறுப்புக் கண்ணாடியும் ஹெட்செட்டுமாகக் கைப்பேசியில் குனிந்திருந்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாக, மாப்பிள்ளைக்கு மரியாதை என்று என்னிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசாதவர். கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் கிசுகிசுப்பதோடு சரி. குரல் எப்படி எனக்குப் பிடிபடும்?

என்னைக் கண்டதும் பதறி எழுந்து, முந்தானையை இழுத்து மூடிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மலரு, மாப்ளைய மொதல்ல சாப்புடச் சொல்லும்மா" என்றார் மெதுவாக.

அவர் கட்டைவிரல் மட்டும் கைப்பேசியில் அசைந்தது. குனிந்து பார்த்தேன். என் கைப்பேசியில் நான் செத்துக் கிடந்தேன்.