மூக்கு பாஸும் நாறின பஸ்ஸும்

மதிவதனா ஒரு காலைப் பஸ்ஸின் படியில் வைத்தாள். மூக்கைச் சுருக்கினாள். வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"நாறுது. நான் வரேல்ல."

ஆறு மாதம் பாடுபட்ட மூத்ததம்பியை விழுத்துவதற்கு அந்த மூன்று சொல்லும் காணும்.

அந்தப் பஸ் ஒரு காலத்தில் மூதூர் ரூட்டில் ஆட்களையும் கோழிகளையும் வித்தியாசம் பாராமல் ஏற்றி ஓடியது. இப்போது அதற்குள் கட்டில், குசினி, அலுமாரி, கழற்றாமல் விட்ட ஒரு பின்சீற்று, பின்மூலையில் சின்னதாக ஒரு கக்கூஸ். எல்லாம் மதிவதனாவுக்காக. இரண்டாயிரத்து ஆறில் சண்டைக்குப் பயந்து சம்பூரை விட்டு வெளிக்கிட்டதிலிருந்து ஒன்பது வருசம் அவள் மற்றவர்களின் கூரைக்குக் கீழே படுத்து, மற்றவர்களின் கக்கூஸ் வாசலில் வாளியோடு வரிசையில் நின்றவள். கடைசியில் திருகோணமலைத் துறைமுகப் பக்கமாக ஒரு துண்டுக் காணியில் சொந்த வீடு கட்டிக் குடிபுகுந்த அன்று சொன்னாள்: "இனிச் சொந்தக் கட்டிலும் சொந்தக் கக்கூஸும் இல்லாத இடத்தில ஒரு ராவும் தங்கமாட்டன்." சொன்னபடியே தங்கவில்லை. பத்து வருசம்.

இப்போது மகள் துசானி நுவரெலியாவில் நிறைமாதம். தலைப்பிள்ளை. மலை இறங்கிப் பயணம் செய்யக்கூடாது என்று டாக்குத்தர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். "அம்மா, நீங்கள் வாங்கோவன்" என்று போனில் அந்தப் பக்கம் அழுகை. "எப்பிடியடி பிள்ளை வாறது" என்று இந்தப் பக்கம் அழுகை. போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டு நிற்பது மூத்ததம்பியின் வேலை. பெண்சாதி வீட்டை விட்டு வராவிட்டால் வீட்டையே சில்லில் ஏற்றி ஓட்டிவிடுவது என்று அவன் தீர்மானித்தது அப்படி நின்ற ஒரு நாளில்தான்.

வீடு என்றால் முறைப்படி செய்ய வேண்டாமா? போன கிழமைக்கு முதல் கிழமை நல்ல நாள் பார்த்து, பஸ்ஸின் குசினியில் பால் காய்ச்சினார்கள். அதன் பிறகு பஸ்ஸைப் பூட்டி, "மதிதான் முதல்ல பாவிக்க வேணும்" என்று கக்கூஸையும் தனியாகப் பூட்டி, அந்தச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு திரிந்தான். பஸ்ஸை இன்று காலைதான் திறந்தான்.

"எங்கயிருந்து வருது எண்டு பாருங்கோ. நீங்கள்தானே மூக்கு பாஸ்," என்றாள் மதிவதனா, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு.

அங்கேதான் சிக்கல். மூத்ததம்பிக்கு எந்த மணமும் வராது.

ஒரு காலத்தில் வந்தது. துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவன் அவன். புகையை ஒருதரம் இழுத்துவிட்டு, "மூண்டாவது சிலிண்டர், ரிங் தேஞ்சு போச்சு" என்பான். கழற்றிப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டர்தான். தொழில் தெரிந்தவனைப் 'பாஸ்' என்று கூப்பிடுகிற ஊர் அவனுக்கு மூக்கு பாஸ் என்று பெயர் வைத்தது. பிறகு கொரோனா வந்தது. போகும்போது அவனுடைய மூக்கின் உள்வீட்டையும் காலி செய்துகொண்டு போய்விட்டது. இப்போது காதால் கேட்டுத்தான் எஞ்சினின் கோளாறைக் கண்டுபிடிக்கிறான். ஆனாலும் பேருக்கு ஒருதரம் குனிந்து புகையை இழுத்துக்கொள்வான். இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. மதிவதனாவுக்கும்தான்.

ஆகவே குனிந்தான். கட்டிலை மோந்தான். அலுமாரியை மோந்தான். ஸ்டியரிங்கை மோந்தான். காற்று வந்தது, போனது, அவ்வளவுதான்.

"கக்கூஸ்," என்றான் கடைசியில், மிகுந்த நம்பிக்கையோடு.

குழாய் வேலையும் வெல்டிங் வேலையும் செய்து கொடுத்த கிண்ணியா றுவைஸுக்குப் போன் போனது. வந்தவன் பஸ்ஸுக்குள் ஏறி, கக்கூஸைத் திறப்பித்து உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, மனம் நொந்துபோனான்.

"என்னண்ணே கதைக்கிறீங்க? இது ஒரு மனிசன் குந்தாத கக்கூஸ். நம்மட ஊட்டுப் பீங்கான் கோப்பைய விடத் துப்பரவா இரிக்கி. ஒங்களுக்கு மூக்கு இரிக்கா இல்லையா?"

மூத்ததம்பி அவசரமாக நிமிர்ந்தான். "இருக்கு, இருக்கு," என்று மூக்கைத் தொட்டுக் காட்டினான்.

அந்த நேரம் பக்கத்து வீட்டுச் சோமசேகரம் கேற்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். முப்பது வருசம் சுங்கத்தில் இருந்து பென்சன் எடுத்தவர். கொள்கலனைத் திறக்காமலே உள்ளே என்ன கிடக்கிறது என்று சொன்ன கதைகள் அவரிடம் நிறைய உண்டு. பஸ்ஸுக்குள் ஏறி, கண்ணை மூடி, இரண்டு நிமிசம் சுவாமி கும்பிடுகிற மாதிரி நின்றார்.

"எலி," என்றார். "செத்து நாலு நாள். எஞ்சின் பக்கம் பாருங்கோ. பின்சீற்றுப் பக்கம் போய் மினக்கெட வேண்டாம்."

"பின்சீற்றைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லயே அண்ணை," என்றாள் மதிவதனா.

"சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான்."

றுவைஸ் நேரே போய்ப் பின்சீற்றைத் தூக்கினான். உரப்பை ஒன்று. அதற்குள் பேப்பர் சுற்றி, பொலித்தீன் சுற்றி, திரும்பவும் பேப்பர் சுற்றி, ஐந்து கிலோ கட்டாக் கருவாடு. பையின் மேல், கண்டியில் இருக்கும் ஒரு தங்கச்சியின் விலாசம், அழகான கவர்மென்ற் கையெழுத்தில்.

"சுங்க ஐயா," என்றான் றுவைஸ், "இதுக்குத் தீர்வை கட்டினீங்களா?"

"நீங்கள் அந்தப் பக்கத்தாலதானே போறியள்," என்றார் சோமசேகரம், கூரையைப் பார்த்துக்கொண்டு. "கேட்டால் மாட்டன் எண்டுவியளோ எண்டு... விடியக் கதவு திறந்து கிடந்துது..."

கருவாடு மரியாதையோடு இறக்கப்பட்டது. யன்னல்கள் திறக்கப்பட்டன. அரைமணி கழித்து மதிவதனா வாசலில் நின்று மோந்து பார்த்தாள்.

"கருவாட்டு மணம் போயிட்டுது," என்றாள். மூத்ததம்பியின் முகம் மலர்ந்தது. "நாத்தம் அப்பிடியே இருக்கு," என்றாள். மலர்ந்தது வாடியது.

சரி, வெயிலில் நிற்பதால்தானோ என்று பஸ்ஸை நிழலுக்கு எடுத்தான். கேற்றடிப் பள்ளத்தில் சில்லு விழுந்து எழும்பியது. பக்கத்தில் நின்ற மதிவதனா "ஐயோ" என்று இரண்டு அடி பின்னால் போனாள்.

"பாத்தீங்களா அண்ணே," என்றான் றுவைஸ். "குலுங்கினா ஊதுது. நிண்டா அடங்குது. ஓடிக்கொண்டுதான் புடிக்கோணும். ஒங்களுக்கு ஓட்டுற வேல. நான் வெல்டிங் புகை குடிச்ச மூக்கு, என்னை நம்பாதீங்க. ஐயாட மூக்கு..." சோமசேகரத்தைப் பார்த்தான். "அது தடுப்புக் காவல்ல இரிக்கி. இனி அக்காதான்."

மதிவதனா பஸ்ஸைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள். "பாலையூற்று வரைக்கும்தான். கண்டுபிடிச்ச உடன திரும்பவேணும்." வீட்டைப் பூட்டினாள். பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்தாள். அவள் அதை இழுத்துக்கொண்டிருக்கும்போது றுவைஸ், காலையில் கட்டி வாசலில் வைத்திருந்த அவளுடைய உடுப்புப் பையைச் சத்தமில்லாமல் பஸ்ஸுக்குள் வைத்துவிட்டு இறங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு கண்டி றோட்டில் நடந்ததை, பின்னால் வந்த ஓட்டோக்காரர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

"பிரேக் போடுங்கோ!" பஸ்ஸின் தரையில் நாலு காலில் தவழ்ந்தபடி மதிவதனா கத்துவாள். மூத்ததம்பி போடுவான். "இப்ப விடுங்கோ! ஒரு பள்ளத்தில இறக்குங்கோ!"

"நல்ல றோட்டு மதி, பள்ளம் இல்லை!"

"தேடுங்கோவன்!"

பாலையூற்று வந்தது, போனது. "இஞ்ச முன்பக்கம்தான் எங்கயோ... நிப்பாட்டாதேங்கோ, தம்பலகாமம் சந்தி வரைக்கும் போங்கோ," என்றாள். சந்தியில் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டினார். பஸ் ஏன் இப்படி ஆடி ஆடி வருகிறது, குடித்திருக்கிறாயா என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டே யன்னலுக்குள் தலையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார். லைசென்ஸும் பார்க்கவில்லை, ஒன்றும் பார்க்கவில்லை. தொப்பியால் முகத்துக்கு விசிறிக்கொண்டு, போ போ என்று மற்றக் கையால் துரத்தினார்.

கந்தளாய்க் குளக்கட்டோரம் தயிர்க்கடை ஒன்றைக் கண்டதும் மதிவதனா, "நிப்பாட்டுங்கோ, தாகமாக் கிடக்கு," என்றாள். முழங்கால் புழுதி, தலையில் ஒட்டடை. கடைக்காரர் ஒரு சட்டியின் மேல் கட்டியிருந்த பேப்பரைப் பிரித்து, நல்ல எருமைத்தயிர் என்று நீட்டினார். அவள் குனிந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ. இதின்ர சொந்தக்காரர்தான்."

"ஆர்?"

"பஸ்ஸுக்க இருக்கிறவர். தயிராக வெளிக்கிட்டு வழியில செத்துப்போன பால். அண்டைக்குப் பொங்கவிட்ட பால்!"

மூத்ததம்பிக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. பால் ஒருதரம் பொங்கி வழிந்ததும் மதிவதனா அடுப்பை அணைக்கப் போனாள். "அணைக்காதேயும், மலை ஏறுற வண்டி, இன்னும் பொங்கட்டும்" என்று இரண்டு லீற்றரையும் வழியவிட்டது அவன். ஓடும்போது அடுப்பு கிலுகிலுக்காமல் இருக்க அதன் பலகைக்குக் கீழே பழைய மெத்தை ஸ்பொஞ்சை அடைத்து வைத்ததும் அவன்தான்.

அடுப்பைக் கழற்றினான். ஸ்பொஞ் மஞ்சளும் பச்சையுமாக, உயிருள்ள ஒன்றைப்போல ஈரமாக உட்கார்ந்திருந்தது. இந்தக் காலை முழுவதும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பலகை அதை அமத்த, அது ஒரு மூச்சு விட்டிருக்கிறது. மூத்ததம்பி அதை வெற்றியோடு வெளியே கொண்டுவந்து, மூக்கடியில் பிடித்து நன்றாக இழுத்தான்.

"ஓம். லேசா மணக்குதுதான்."

"லேசாவோ?" மதிவதனா சட்டிகளின் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே கடைக்காரர் இல்லை. றோட்டைக் கடந்து ஒரு மருதமரத்துக்குப் பின்னால் நின்றார்.

மூத்ததம்பி ஸ்பொஞ்சைப் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான்.

"அதைக் கீழ போடுங்கோ," என்றாள் அவள், குரலை இறக்கி. "எனக்கு நாலு வருசமாத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அந்த வருசம் தைப்பொங்கல் அடிப்பிடிச்சு ஒழுங்கை முழுக்கக் கருகல் மணம். நீங்கள் ரெண்டு கோப்பை சாப்பிட்டிட்டு, 'நெய் மணம் தூக்குது' எண்டனீங்கள். அண்டைக்கு நான் நெய் வாங்க மறந்திட்டன்."

"அப்ப ஏன் சொல்லேல்ல?"

"நீங்கள் சொன்னனீங்களோ? மூக்கு பாஸ் எண்டு நிமிர்ந்து திரியிறியள், திரியட்டும் எண்டு விட்டிட்டன். டீசல் மணக்கிற சேட்டோட கோயிலுக்கு வெளிக்கிடேக்க, 'நிறம் சரியில்லை, மாத்துங்கோ' எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன்."

மூத்ததம்பி குளக்கட்டில் குந்தினான். தண்ணீரில் கையைக் கழுவினான். கழுவின கையைத் திரும்பவும் கழுவினான்.

"எஞ்சின் எனக்குப் பெரிசில்லை, மதி. காது இருக்கு. துசானி பிறந்தநேரம் அவளின்ர உச்சியை மணந்து பாத்தனான், பாலும் பவுடரும் கலந்த ஒரு மணம். அது இப்பவும் ஞாபகம். இந்தப் பேரப்பிள்ளையைத் தூக்கினா எனக்கு ஒண்டும் வராது. தலகாணியைத் தூக்கின மாதிரித்தான் இருக்கும்."

மதிவதனா பக்கத்தில் வந்து குந்தினாள்.

"நான் மணந்து சொல்லுறன்," என்றாள்.

"அதுக்கு நீர் அங்க வரவேணுமே."

அவள் திருகோணமலைப் பக்கம் றோட்டைத் திரும்பிப் பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த வீட்டுச் சாவியை ஒருதரம் தடவிப் பார்த்தாள். பிறகு எழும்பி, சேலையைத் தட்டிவிட்டு, அவனுக்கு முன்னால் கையை நீட்டினாள்.

"அந்தக் கக்கூஸ் சாவியைத் தாங்கோ."

அரைஞாணில் அவன் போட்டிருந்த முடிச்சு அவிழ நேரம் எடுத்தது. அவசரப்படுத்தினாள். கடைசியில் வாங்கிக்கொண்டு போனாள். படியில் காலை வைத்தாள். இந்தத்தரம் திரும்ப எடுக்கவில்லை. கக்கூஸ் கதவு மூடியது, உள்ளே கொளுக்கி விழுந்தது.

மூத்ததம்பி ஸ்பொஞ்சைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸின் பக்கத்தில் நின்றான். கடைக்காரர் றோட்டைக் கடந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். சற்று நேரத்தில் உள்ளே தண்ணீர் விழுந்து, சுழன்று, குழாயில் இறங்கிய சத்தம் கேட்டது. காதைச் சரித்துக் கவனமாகக் கேட்டான். எங்கேயும் ஒழுக்கு இல்லை. றுவைஸ் நல்ல வேலைக்காரன்.

"என்ன மாதிரி மதி?" என்று யன்னலடியில் நின்று கேட்டான்.

"வீட்டில உள்ளதை விட நல்லாக் கிடக்கு," என்றது உள்ளேயிருந்து குரல். "தயிர் ரெண்டு சட்டி வாங்குங்கோ, துசானிக்கு. மூடிக் கட்டச் சொல்லுங்கோ. வழியில வழிஞ்சா உங்களை இறக்கிவிட்டிட்டுப் போயிடுவன்."