முப்பதில் போன கார்

விளம்பரம் வரப்போகிறது என்பது அம்மாவுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். செய்தி வாசிக்கும் பெண் "ஒரு சிறிய இடைவேளை" என்று சொல்லி வாயை மூடுவதற்குள், மடித்துக்கொண்டிருக்கும் துணியை அப்படியே போட்டுவிட்டு டிவிக்கு முன்னால் போய் நின்றுகொள்வாள். ஒல்லி உடம்பு. பாதித் திரையைக்கூட மறைக்காது. அவள் இடுப்புக்கு இந்தப் பக்கம் மலைப்பாதை தெரியும், அந்தப் பக்கம் சிவப்புக் கார் வளைவில் சீறிக்கொண்டு வெளியே வரும்.

"தள்ளும்மா" என்றான் அண்ணன் கட்டிலிலிருந்து. "நீ என்ன கண்ணாடியா?"

"ரிமோட் எங்கடா?"

"கட்டிலுக்கு அடியில கிடக்கு. எந்திரிச்சு எடுத்துத் தரவா?"

தங்கை குனிந்து ரிமோட்டை எடுப்பதற்குள் கார் ஓடி முடிந்து சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு இந்தக் கூத்து எத்தனை முறை நடக்கும் என்பதை அந்த வீட்டில் யாரும் எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.

கட்டில் ஹாலில்தான் கிடந்தது. படுக்கையறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையவில்லை. கார் ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் கூட்டிப்போவது அண்ணனின் வேலை. வருகிறவர்கள் ஓட்டுவார்கள், இவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெருமை பேசுவான். விபத்து நடந்த அன்றைக்கு வந்தவர் ஒரு பல் டாக்டர். ஊருக்கு வெளியே மேம்பால வளைவு வந்ததும் கேட்டிருக்கிறார், "அந்த விளம்பரத்துல பிரேக்கே பிடிக்காம வளைப்பானே, அப்படிப் போகுமா?"

"போகும் சார்" என்றான் அண்ணன். போகாது என்று சொல்வதற்கா அவனை வேலைக்கு வைத்திருந்தார்கள்?

வண்டி தூணில் மோதியது, அண்ணன் உட்கார்ந்திருந்த பக்கம். பல் டாக்டருக்கு நெற்றியில் ஒரு பிளாஸ்திரி. அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போயிற்று. வாடிக்கையாளரைத் தூண்டிவிட்டார் என்று சொல்லி ஷோரூம் அவனைக் கை கழுவியது. அந்த டாக்டர் பழக்கூடை அனுப்பினார். அம்மா அதைப் படிக்கட்டோடு திருப்பி அனுப்பினாள்.

அந்த விளம்பரத்தை வெட்டி ஒட்டியது தங்கைதான். அந்தக் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் அவள். விளம்பரக் கம்பெனியின் எடிட்டிங் அறையில் வேலை கிடைத்தபோது அண்ணன் அவளுக்குக் கத்தரி என்று பெயர் வைத்தான். சிவப்புக் கார் முதன்முதலில் டிவியில் வந்த அன்று ஷோரூம் முழுக்க "என் தங்கச்சி கைவேலை" என்று தம்பட்டம் அடித்தவனும் அவன்தான்.

மலைப்பாதையில் அந்தக் கார் போன வேகம் முப்பது. ரோடு பளபளக்க வேண்டும் என்று டேங்கர் லாரியை வைத்து நனைத்திருந்தார்கள். முப்பதுக்கு மேல் போனால் வழுக்கும் என்று, அதற்கென்றே கூலிக்கு வந்த டிரைவர் மறுத்துவிட்டார். அதனால் என்ன, நாலு ஃபிரேமில் மூன்றைத் தூக்கினால் முப்பது நூற்றிருபது ஆகிவிடும். உதறல் தெரியாமல் இருக்கக் கொஞ்சம் மங்கலைப் பூசலாம். எஞ்சின் சத்தத்தை வேறொரு பந்தயக் காரிலிருந்து எடுத்து ஏற்றலாம். டைரக்டர் அவள் முதுகுக்குப் பின்னால் சோபாவில் சாய்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் ஏத்தும்மா, உயிரே இல்ல" என்றார். அவளும் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் இதை அண்ணனிடம் சொன்னாள்.

"முப்பதா?"

"முப்பது."

"சைக்கிள்காரன் முந்திட்டுப் போயிருப்பானே." சிரித்தான். சிரிக்கும்போது வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்தினான். "கத்தரி, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்தக் கண்றாவி டிவில வராம பண்ணிடு. முப்பதுலதான் போச்சுன்னு எங்க சொல்லணுமோ அங்க போய்ச் சொல்லு. அத்தோட அவனுங்க கதை முடிஞ்சுது."

அவளும் அப்படித்தான் நம்பினாள். இதைவிடப் பெரிய துருப்புச் சீட்டு யார் கையில் இருக்கும்? விளம்பரங்களைக் கண்காணிக்கும் குழுவுக்கு அன்று இரவே புகார் எழுதினாள். முப்பது என்பதை மட்டும் அதில் எழுதாமல் விசாரணைக்கென்று வைத்துக்கொண்டாள். விசாரணை நாள் வரும்வரை அந்த வீட்டில் இருந்த ஒரே நல்ல செய்தி அதுதான். அண்ணன் பிசியோதெரபிக்காரரிடம்கூட, "இன்னும் கொஞ்ச நாள் சார், அப்புறம் அது வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

குழு நீண்ட மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி. ஒரு பக்கம் பேராசிரியை, மறுபக்கம் விளம்பரத் துறையின் பிரதிநிதி. அதாவது எதிர்த்தரப்பு ஆளே. நடுவில் ஒரு தட்டு பிஸ்கெட். கார் கம்பெனியின் வக்கீல் இளைஞர், மரியாதைக்குக் குறைவில்லை, வார்த்தைக்கு வார்த்தை மேடம்.

முதலில் விளம்பரத்தைப் போட்டுக் காட்டினார்கள். கார் சீறியது. பேராசிரியை முகம் சுளித்தார். நீதிபதி வக்கீலைப் பார்த்து, "என்னப்பா இது, இந்த வேகத்துல போறான்?" என்றார். வக்கீல் பதிலுக்குத் தடுமாறினார், காகிதங்களைப் புரட்டினார். அந்த இடத்தில் அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவள் எழுந்தாள்.

"அந்த வேகத்துல போகவே இல்ல சார். அதைத்தான் சொல்ல வந்தேன். எல்லாம் பொய். நான்தான் ஏத்துனேன்."

லேப்டாப்பைத் திருப்பி அசல் காட்சியைப் போட்டாள். சத்தமே இல்லாமல் சிவப்புக் கார் அந்த வளைவில் மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்து வந்தது. உள்ளே டிரைவர் ஒரு கையால் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்த நேரம் அது ஒன்றுதான்.

வக்கீல் காகிதங்களை மூடி வைத்தார். முகம் தெளிந்திருந்தது.

"இது வெட்டாத அசல்தானே மேடம்?"

"ஆமா."

"எத்தனையில போகுதுன்னு சொன்னீங்க?"

"முப்பது."

"அந்த ரோட்டுல அனுமதிச்ச வேகம் நாப்பது சார்" என்று நீதிபதி பக்கம் திரும்பினார். "விதி என்ன சொல்லுது? அனுமதிக்கப்பட்ட வேகத்தை மீறி வாகனம் ஓட்டப்படுவதைக் காட்டக் கூடாது. வண்டி மீறல. டிரைவர் பெல்ட்கூடப் போட்டிருக்கார். இதை நாங்க எப்படி நிரூபிக்கிறதுன்னு கவலைப்பட்டுட்டு இருந்தோம். மேடமே சாட்சியோட வந்துட்டாங்க."

"பாக்கறவனுக்கு நூத்தி இருபதாத்தானே தெரியுது?" அவள் குரல் கிறீச்சிட்டது. "அப்படிப் போகும்னு நம்பித்தானே அந்தப் பல் டாக்டர் ஓட்டினான்?"

"கண்ணுக்கு எப்படித் தெரியுதுங்கறதுக்கு விதி இல்லம்மா" என்றார் நீதிபதி. "வண்டி என்ன பண்ணுச்சுங்கறதுக்குத்தான் இருக்கு."

"அப்ப ஜனங்களை ஏமாத்துனதா எடுத்துக்கலாமே" என்று பேராசிரியை மெதுவாக ஆரம்பித்தார்.

"இவ்வளவு வேகம் போகும்னு நாங்க எங்கயாவது சொல்லியிருக்கோமா மேடம்? எழுத்துல? பேச்சுல? ஒரு நம்பர் இருக்கா?"

இல்லை. பேராசிரியை ஒரு பிஸ்கெட் எடுத்துக்கொண்டார்.

புகார் தள்ளுபடி ஆனது. பொதுமக்கள் நலன் கருதித் திரையின் அடியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். உங்கள் அண்ணனுக்காக வருத்தப்படுகிறேன் என்று நீதிபதி எழுந்து நின்று சொன்னார். நிஜமாகவே வருத்தப்பட்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு அயோக்கியனாவது அந்த அறையில் இருந்திருந்தால் காறித் துப்பிவிட்டு வந்திருப்பாள்.

மறுநாள் ஆபீசில் சீட்டு கிழியும் என்று தன் காபிக் கோப்பையைப் பையில் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தாள். முதலாளி கூப்பிட்டார்.

"உக்காரும்மா. என்னைக் கேக்காமப் போனதுக்குக் கோவம் இருக்கு. ஆனா கார் கம்பெனிக்காரங்க ஏக சந்தோஷத்துல இருக்காங்க. அடுத்த கார் விளம்பரமும் நமக்குத்தான்." கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார், "அந்த வரியை நீயே போட்டுடு. உனக்குப் பழகின படம்."

கோப்பையை அவர் மேசையில் வீசிவிட்டு வரலாம். வாசல்வரை மனதுக்குள் போய்ப் பார்த்தாள். வாசலுக்கு அப்பால் பிசியோதெரபிக்காரரும் வீட்டு வாடகையும் அம்மாவின் முழங்கால் வலியும் வரிசையாக நின்றன. திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கினாள். முதலாளி எட்டிப் பார்த்து, "கார் தெரிய வேண்டாமா?" என்றார். சின்னதாக்கினாள். "இன்னும்" என்றார்.

அந்த வாரமே புது வரியோடு விளம்பரம் வந்துவிட்டது. செய்திக்காரி இடைவேளை என்றாள், அம்மா துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"தள்ளும்மா. கீழ என்னமோ எழுதியிருக்கு, படிக்கணும்."

அம்மா நகர்ந்தாள். அண்ணன் கழுத்தை நீட்டி, உதடுகளை அசைத்துப் படித்தான். இரண்டு சொல்லுக்குள் கார் போய்விட்டது.

"என்ன போட்டிருக்க, கத்தரி?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "காட்சிகள் அனுமதிக்கப்பட்ட வேகத்திலேயே படமாக்கப்பட்டவை."

அவன் அதை ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். நாலு வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வண்டி விற்றவன், அவனுக்குப் புரிய நேரமாகவில்லை.

"இப்ப என் இடத்துல ஒருத்தனைப் போட்டிருப்பாங்கல்ல. வர்றவன் போகுமான்னு கேப்பான். இவன் இந்த வரியைச் சொல்லுவான். பயப்படாதீங்க சார், அவங்களே போட்டிருக்காங்க பாருங்க, இதெல்லாம் அனுமதிச்ச வேகம்தான்." தலையணையில் சாய்ந்துகொண்டான். "நானா இருந்தா அப்படித்தான் சொல்லுவேன்."

அம்மா டிவிக்கும் கட்டிலுக்கும் நடுவில், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள்.

"இனிமே நான் மறைக்கணுமா, வேணாமாடா?"

"உக்காரும்மா" என்றான் அண்ணன். "கால் வலிக்கும்."