எழுபத்தொன்பதில் ஓடாத ரயில்

டெரிக் வருகிறார் என்று மின்னஞ்சல் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பத்து மூன்று வருடக் கடிதச் சிநேகம், நேரில் பார்த்ததே இல்லை. லீட்ஸ் நகரத்துக்காரர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மைசூர் போகும் வழியில் பெங்களூரில் இரண்டு நாள் தங்குவாராம். வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு பிரேசர் டவுனில் எங்கள் வீட்டுக்கு வருவாராம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த நல்ல மனிதரிடம் நான் ஒரு பெரிய பொய் சொல்லியிருக்கிறேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய ரயில் டிரைவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா கிளம்பினார். போகும்போது பழைய பிரிட்டிஷ் ரயில்வே பத்திரிகைகளை ஒரு மூட்டையாகக் கட்டி வாசலில் போட்டுவிட்டுப் போனார். அதற்குள் 1955-ஆம் வருடத்து டைம் டேபிள் ஒன்று இருந்தது. மற்றப் பையன்கள் கிரிக்கெட் ஸ்கோர் ஒப்பித்தார்கள். பாத் நகரிலிருந்து மலையேறி இறங்கி போர்ன்மத் கடற்கரைக்குப் போகும் ரயில் எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று நான் ஒப்பித்தேன். கிறுக்கு என்றார்கள். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

இருபத்தைந்து வயதில் முதல் தடவையாக பெங்களூர் பிரிட்டிஷ் நூலகத்துக்குள் நுழைந்தேன். கையில் எடுத்த முதல் பத்திரிகையிலேயே ஒரு சின்ன அறிவிப்பு: 'பாத் - போர்ன்மத் பாதையில் பயணம் செய்தவர்கள் தங்கள் அனுபவத்தை எனக்கு எழுதினால் மகிழ்வேன்.' கீழே டெரிக்கின் முகவரி. என் ரயில் அனுபவமெல்லாம் வேளாங்கண்ணி யாத்திரையோடு சரி. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. 1979 ஜூனில் லண்டனில் இருக்கும் சித்தப்பாவைப் பார்க்கப் போனபோது அந்த ரயிலில் போனேன் என்று எட்டுப் பக்கம் எழுதித் தள்ளினேன். இரண்டு நீராவி எஞ்சின்கள் மூச்சு வாங்கிக்கொண்டு மலையேறியது, சுரங்கத்துக்குள் புகை வந்து கண்ணைக் கரித்தது, ஒன்று விடவில்லை. லண்டனில் எனக்குச் சித்தப்பாவும் கிடையாது, பெரியப்பாவும் கிடையாது.

பதில் வந்தது. 'அருமையான கடிதம். இன்னும் எழுதுங்கள்.' தலைகால் புரியவில்லை எனக்கு. அடுத்த வருடம் அதே நூலகத்தில் வேறொரு புத்தகத்தைப் புரட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பாதையை 1966 மார்ச் மாதமே இழுத்து மூடிவிட்டார்களாம். தண்டவாளத்தைக்கூடப் பெயர்த்தாயிற்றாம். நீராவி எஞ்சின்களையும் அறுபத்தெட்டோடு நிறுத்திவிட்டார்களாம். பெங்களூரில் அப்போதும் நீராவி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே ஓடுவது அங்கே ஓடாமல் போகும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

டெரிக் தேதியைக் கவனிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம் முந்நூறு கடிதமாவது எழுதியிருப்போம். ஒவ்வொரு உறையையும் பிரித்ததும் '1979' என்று எங்காவது இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன். அவர் சிநேகம் போய்விட்டால் இந்தக் கிறுக்கைப் பகிர்ந்துகொள்ள உலகத்தில் எனக்கு வேறு ஆள் இல்லை.

வியாழக்கிழமை என் மனைவி பிரிஜெட்டிடம் மெல்ல விஷயத்தைச் சொன்னேன்.

"தவக்காலத்துல என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் வேணாம். அவர் ஏதாச்சும் கேட்டா சும்மா சிரி, போதும்."

"அப்படிச் சிரிச்சாலும் பொய்தான். ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன். மூணு தடவை அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னாரு."

"அவ்ளோதானா?"

"ரயில் விஷயம்னதும் ஃபாதருக்கே சிரிப்பு வந்துருச்சு."

அவள் சிரிக்கவில்லை. "அந்த மனுஷன்கிட்ட சொல்லுங்க. எனக்கென்ன," என்று சொல்லிவிட்டு புளி ஊறவைக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை டெரிக் வந்தார். ஒல்லியான, நெட்டையான மனிதர். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தார். பிரிஜெட் வைத்த மீன் குழம்பை மூக்கில் நீர் வழியக் கையாலேயே பிசைந்து சாப்பிட்டார். சிக்னல் கம்பம், எஞ்சின் நம்பர் என்று பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அவள் பக்கம் திரும்பி, "ஆஷ்லி உங்களை இங்கிலாந்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாரா?" என்று கேட்டார்.

பிரிஜெட் என்னைப் பார்த்தாள். சுவரில் இருந்த சேசு படத்தைப் பார்த்தாள். சிரிக்கத்தான் முயன்றாள், பாவம், வாய் கோணிக்கொண்டது.

"இவர் இதுவரைக்கும் பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை," என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டு, ரசம் எடுக்க உள்ளே போனாள்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? தட்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சித்தப்பா இல்லை, லண்டன் இல்லை, ரயில் இல்லை.

"தெரியும்," என்றார் டெரிக்.

"எப்போதிலிருந்து?"

"உங்கள் முதல் கடிதத்திலிருந்தே. எங்கள் ஊரில் ரயில் பைத்தியம் பிடித்தவன் எவனும் அந்த மார்ச் மாதத்தை மறக்க மாட்டான்."

"அப்புறம் ஏன் பதில் எழுதினீர்கள்?"

அவர் தண்ணீர் குடித்தார். "அந்த மார்ச் மாதம் எனக்குப் பதினான்கு வயது. ஈஸ்டர் விடுமுறையில் அந்த ரயிலில் கூட்டிப்போவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு மாதம் முன்பு மூடிவிட்டார்கள். போனவர்கள் சொல்வதையாவது கேட்கலாம் என்றுதான் அறிவிப்புக் கொடுத்தேன். பத்தொன்பது கடிதம் வந்தது. பெட்டியில் குளிர், தேநீர் மோசம், ரயில் ஒரு மணி நேரம் தாமதம். எல்லாம் உண்மை. படித்தால் எனக்குத் தூக்கம்தான் வந்தது. நான் போக ஆசைப்பட்ட ரயிலில் நீங்கள் ஒருவர்தான் போயிருந்தீர்கள்."

எச்சில் கையோடு அழுதுவிட்டேன். அறுபத்தெட்டு வயதில் வெட்கமாவது ஒன்றாவது. நாற்பது வருடமாக நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. மூச்சு இவ்வளவு ஆழமாக உள்ளே போகும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. ரசத்தோடு வந்த பிரிஜெட் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு எனக்கு இரண்டு கரண்டி ஊற்றினாள்.

கை கழுவிவிட்டு வந்ததும் டெரிக் சொன்னார்: "ரொம்ப நாளாக ஒன்று கேட்க நினைத்தேன். கேட்டால் பயந்துபோய் எழுதுவதை நிறுத்திவிடுவீர்களோ என்றுதான் கேட்கவில்லை. மலையேறும்போது எந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்தீர்கள்?"

"இடது பக்கம்," என்றேன் யோசிக்காமல்.

"எதிரே யார் இருந்தார்கள்?"

"யாரும் இல்லை. அந்த இடம் காலியாகத்தான் இருந்தது."

டெரிக் தன் நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.